மலைக்கு வந்த விருந்தினர்

வெளிநாட்டுப் பயணம் என்றால் நாம் கடல் கடந்து போய் வருவதையே எண்ணுகிறோம். கடல் கடந்து போய்க் குடியேறியவர்கள் விடுமுறைக்கு நம் ஊர் வருவதும் இக்காலத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணமாகவே ஆகிவிட்டது. என் தம்பி மகன் பதினாறு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் வேலை பார்க்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் ஒருத்தி அவனுக்கு உண்டு, வயது பதின்மூன்று. நாம் குளிரில் நடுங்கும் மார்கழியும் தையும் அந்நாட்டில் கோடைக்காலம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறையும் அப்போதுதான். ஆகவே சென்ற மார்கழியில் அவர்கள் தங்கள் ஊர்க் கோடையை விட்டுவிட்டு, எங்கள் கோடைக்கானலின் குளிரைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

நான் வத்தலக்குண்டில் வசிப்பவன். ஆனால் ஆசிரியப் பணியில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளை மேல்மலைக் கிராமங்களில் கழித்தவன். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பேத்தி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தமிழ் எழுத்துகள் சற்றே சாய்ந்தும் தடுமாறியும் நின்றன. கருத்தில் தடுமாற்றம் இல்லை. "தாத்தா, எங்கள் ஊருக்கு உறவினர் வந்தால் கங்காருவையும் கோவாலாவையும் காட்ட அழைத்துப் போவோம். அவை எங்கள் நாட்டுக்கே உரியவை. அதுபோல உங்கள் மலைக்கே உரிய விலங்குகளையும் பறவைகளையும் எனக்குக் காட்டுங்கள். மிருகக்காட்சிசாலை வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

தமிழாசிரியனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? சங்க நூல்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஆமா என்றால் காட்டுப்பசு. வருடை என்றால் வரையாடு. முசு என்றால் கருங்குரங்கு. குறிஞ்சி நிலத்துக்கு நம் முன்னோர் வகுத்த கருப்பொருள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்தேன். பழனி மலையின் பழம்பெயர் பொதினி என்பதும், அதன் தலைவனான பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதும் நீங்கள் அறிந்தவையே. பேத்திக்கு அக்கதையைச் சொன்னபோது, "மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே, போர்வை எதற்கு?" என்று கேட்டாள். வள்ளலின் மனத்தைப் பார்க்க வேண்டும் என்று மறுமொழி சொன்னேன். கேள்வி நியாயமானதுதான் என்று என் மனைவி அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தம்பி மகன் அதைக் கைப்பேசியிலேயே எடுத்துவிட்டான். மலைப்பாதையில் ஏறும்போது கண்ட குரங்குகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வறுவல் பொட்டலங்களுக்காக வண்டிகளை வழிமறிக்கும் அவற்றைப் பழக்கிக் கெடுத்தவர்கள் நாமே. பேத்தி அவற்றைத் தன் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டாள்.

செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தோம். பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். காட்டில் பார்க்கப்போவதற்கு அஃது ஒரு முன்னுரை போல் அமைந்தது. இம்மலையின் செடிகொடிகளைத் தொகுத்து 1999இல் பெரும் நூல் வெளியிட்ட கே.எம். மத்தேயு அவர்களும் இச்சபையைச் சேர்ந்த துறவியே. ஒரு மலையின் தாவரங்களை எண்ணி எழுதுவதற்கு ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார் என்பதைச் சொன்னபோது, பேத்தி சிறிது நேரம் பேசாமல் நின்றாள்.

மறுநாள் விடியற்காலையில் வட்டக்கானலை அடுத்த பாம்பார் சோலைக்குச் சென்றோம். சோலை என்ற சொல்லை நாம் பூங்காவுக்கும் தோப்புக்கும் வழங்குகிறோம். மலையில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. மலை மடிப்புகளில், நீரோடை பிறக்கும் பள்ளங்களில், குட்டையாகவும் நெருக்கமாகவும் வளரும் பழமையான காடே சோலை. அடிமரம் முழுவதும் பாசி போர்த்தியிருக்கும். நடுப்பகலிலும் உள்ளே மாலை வெளிச்சந்தான். அங்கே ஒரு புதரிலிருந்து உரத்த குரல் ஒன்று எழுந்தது. எதிர்ப்புதரிலிருந்து மற்றொன்று அதற்கு விடை சொன்னது. சாம்பல் மார்பும், செம்பழுப்பு வயிறும், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவமுமாக ஒரு சிறு பறவை வெளிப்பட்டது. சிரிப்பான் என்று அதற்குப் பெயர்.

இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் இம்மலையில் கண்டறிந்த பறவை இது. 1869இல் அறிவியலார் அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். உலகில் வேறு எந்த நாட்டிலும் இஃது இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழ்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் இதற்கு உறவுதான்; ஆயினும் வேறு இனம். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த நிலம் இடையே கிடக்கிறது. நமக்கு அது பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். குளிர்ந்த மலையைவிட்டு இறங்காத இச்சிறு பறவைக்கோ அது கடல். ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் அக்கடலின் இரு கரைகளில் நெடுங்காலம் பிரிந்திருந்ததால் குரலும் வேறாயிற்று, நிறமும் வேறாயிற்று.

"நம்மைப் போலவா, தாத்தா?" என்றாள் பேத்தி. அவளுடைய தமிழில் ழகரம் இன்னும் முழுதாக அமையவில்லை. "நீ வருடந்தோறும் வந்துவிட்டால் ஆகாது" என்று சொன்னேன்.

அன்று சோலையின் ஓரத்தில் ஒரு கருமந்தியையும் கண்டோம். கரிய உடல், முகத்தைச் சுற்றிப் பழுப்பு மயிர், நீண்ட வால். சங்க நூல்களின் முசு இதுவேயாகலாம் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அது மரக்கிளைகளுக்குள் மறைந்துவிட்டது.

நாங்கள் தங்கியிருந்தது நாயுடுபுரத்தில், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு நண்பர் வீட்டில். மாலை ஆறு மணி இருக்கும். நண்பரின் துணைவியார் சமையலறையிலிருந்து, "அண்ணா, யாரும் வாசலுக்குப் போகாதீர்கள், அது வந்திருக்கிறது" என்று மெல்லிய குரலில் எச்சரித்தார். சன்னல் வழியே பார்த்தோம். வேலிக்கு அப்பால் பத்தடி தொலைவில் ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. ஏறக்குறைய ஆறடி உயரம், கன்னங்கரிய உடல், முழங்காலுக்குக் கீழே வெண்மை. "காலுறை போட்டிருக்கிறது!" என்று பேத்தி என் காதில் சொன்னாள்.

செய்தித்தாள்கள் இதைக் காட்டெருமை என்று எழுதுகின்றன. எருமைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இது மாட்டினத்தைச் சேர்ந்தது. முதிர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். நம் முன்னோர் வைத்த ஆமா என்ற பெயரே பொருத்தமானது. காட்டில் இதைப் பார்ப்பது ஒரு பேறு. ஊருக்குள், வீட்டு வாசலில், குப்பைத் தொட்டியின் அருகில் பார்ப்பது அத்தகையது அன்று. இவற்றால் முட்டப்பட்டு உயிர் இழந்தவர்களும் உண்டு. புகைப்படம் எடுக்க நெருங்கி நின்று காயம் பட்டவர்களும் உண்டு.

"இது ஏன் ஊருக்குள் வருகிறது?" என்று பேத்தி கேட்டாள். நண்பர் சுருக்கமாகச் சொன்னார்: "புல்லுக்காக, அம்மா. மலையில் புல் இல்லை. எங்கள் தோட்டத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் இருக்கிறது."

மூன்றாம் நாள் பூம்பாறை வழியாக மன்னவனூருக்குப் புறப்பட்டோம். கோடைக்கானலைக் கடந்து மேற்கே செல்லும் சாலையின் இருபுறமும் மரங்கள் அடர்ந்து நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிய பேத்தி, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். மறு மரத்தின் இறகு போன்ற இலையையும் பட்டையையும் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "தாத்தா, இவை எங்கள் ஊர் மரங்கள்! இது யூகலிப்டஸ். இது வாட்டில். எங்கள் பள்ளிக்கூடத்து வேலியில் இருக்கிறது" என்று கூவினாள்.

உண்மைதான். இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. வாட்டில் குடும்பத்தைச் சேர்ந்த பொன்வாட்டில் மலரே அந்நாட்டின் தேசிய மலர். கிரிக்கெட் பந்தயத்தில் அவர்கள் அணியும் பச்சையும் பொன்னிறமும் அம்மரத்தின் நிறங்களே. சொந்த ஊர்க்காரரை அயலூர்ச் சந்தையில் கண்டவள்போல் அவள் மகிழ்ந்தாள். அடுத்து அவள் கேட்ட கேள்விக்குத்தான் நான் ஆயத்தமாக இல்லை.

"உங்கள் மலைக்கே உரியவற்றைக் காட்டுவதாகச் சொன்னீர்களே. இவற்றை இங்கே யார் நட்டார்கள்?"

பொதுவான விடை எனக்குத் தெரியும். வெள்ளையர் காலத்தில் விறகுக்காகவும் அழகுக்காகவும் முதலில் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பின், தோல் பதனிடுவதற்கு வாட்டில் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்கு மரக்கூழும் தேவைப்பட்டன. ஆகவே பெரும் பரப்பில் நட்டார்கள். இவ்வளவும் சொன்னேன். சொல்லி முடித்தபின் மனம் கேட்கவில்லை. "நானும் நட்டேன்" என்றேன்.

1986ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தெட்டு வயது. மேல்மலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். மரம் நடு விழா என்று நாற்றுகள் வந்து இறங்கின. பள்ளிக்கு மேலே இருந்த புல்வெளிச் சரிவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நாள் முழுவதும் வாட்டில் கன்றுகளை நட்டோம். முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதிய தலைப்பு இன்னும் நினைவிருக்கிறது: "தரிசை வளமாக்குவோம்". புல் மட்டும் இருக்கும் நிலம் வெற்று நிலம் என்றே ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். நானும் அதையே கற்பித்தேன். விழாவில் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். அது நெடுங்காலம் என் வீட்டுச் சுவரில் தொங்கியது.

அப்புல்வெளி தரிசு அன்று. சோலை பள்ளத்தில், புல் மேட்டில் என்பது இம்மலையின் பழைய அமைப்பு. திறந்த சரிவுகளில் மார்கழி இரவில் உறைபனி விழும், சோலை மரத்தின் இளங்கன்று அதைத் தாங்காது, புல் தாங்கும். அப்புல்லே மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். ஆமாவும் வரையாடும் அதையே மேய்ந்தன. வாட்டில் உறைபனியையும் தாங்கும். அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து, தீப்பட்டபின் முளைத்தெழும். நட்ட இடத்தில் அது நிற்கவில்லை, தானே பரவிற்று. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் என் பிள்ளைகள் நட்ட சரிவும் அடக்கம்.

பேத்தி கவனமாகக் கேட்டாள். "அப்போது உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?" என்றாள். "இல்லை, அம்மா. அக்காலத்தில் யாருக்கும் தெரியாது" என்று விடையளித்தேன்.

வண்டி புறப்பட்டது. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைக் கண்டோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் பற்றி ஏதோ சொன்னேன். மனம் அதில் இல்லை. அவளுக்கு நான் கூறிய விடை பொய் என்பது அதற்குள் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

மன்னவனூரில் என் பழைய மாணவர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அன்று கன்று நட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். இப்போது ஐம்பதை எட்டும் வயது. மலைப்புல்லையும் சோலைக் கன்றுகளையும் நாற்றங்காலில் வளர்த்துக் கொடுக்கிறார். சோறும் பூண்டுக் குழம்புமாக விருந்து முடிந்தபின், பேத்தியையும் உடன் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "நாம் கன்று நட்ட நாளில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா?"

அவர் தயங்கினார். "இருக்கிறது, சார். கவுஞ்சிக்காரர். 'வாத்தியாரே, இங்கே மரம் வைத்தால் காட்டுமாடு எங்கே மேயும்? ஊருக்குள்தானே வரும்' என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம்."

சிரித்ததோடு நான் நிற்கவில்லை. அவர் போனபின், படிப்பறிவு இல்லாமையால் வரும் மூடநம்பிக்கைக்கு அவர் பேச்சை எடுத்துக்காட்டாகப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மாணவர் அதை நாகரிகம் கருதி விட்டுவிட்டார், நானே சொன்னேன். அந்தப் பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்று விடை வந்தது. பேத்தி என்னைப் பார்த்தாள். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிற்பகலில் அந்தப் பழைய சரிவுக்கே சென்றோம். வாட்டில் மரங்கள் வானை மறைத்து நின்றன. "எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே" என்றாள் பேத்தி. தன் நாட்டு மரத்தின்மீது அவளுக்கே கோபம் வந்துவிட்டது. மாணவர் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினார். முதிர்ந்த வாட்டில் மரத்து நிழலில், முழங்கால் உயரத்தில், சோலை மரக்கன்றுகள் ஆங்காங்கே முளைத்திருந்தன. உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது அந்த அயல் மரத்து நிழல்தான். "அடியோடு வெட்டினால், வெயில் பட்டவுடன் மண்ணில் கிடக்கும் வாட்டில் விதைதான் முதலில் முளைக்கும். இந்த இடம் இனிச் சோலையாகட்டும். புல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் பரவிவரும் வாட்டில் கன்றுகளை மட்டும் பிடுங்கி எடுக்கிறோம்" என்றார். எனக்குப் பாடம் நடத்தும் அளவுக்கு அவர் வளர்ந்துவிட்டார்.

அப்படிப் பிடுங்கிக் காப்பாற்றிய ஒரு சரிவுக்கு அவர் எங்களை நடத்திச் சென்றார். இடுப்பளவு புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. அதற்குள்ளிருந்து பழுப்பு நிறச் சிறு பறவை ஒன்று எழுந்து, சற்றுத் தொலைவு பறந்து மீண்டும் புல்லுக்குள் இறங்கியது. நெட்டைக்காலி என்றார் மாணவர். உயர்ந்த மலைப் புல்வெளியைத் தவிர வேறிடத்தில் வாழத் தெரியாத பறவை அது. பார்ப்பதற்கு ஊர்க்குருவி போலத்தான் இருக்கிறது. பேத்தி தன் பட்டியலில் அதன் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே எழுதிக்கொண்டாள். வரையாட்டை நாங்கள் காணவில்லை. 2024இல் எடுத்த கணக்கின்படி நம் மாநிலம் முழுவதிலுமே 1,031 வரையாடுகள்தாம் இருந்தன. நம் மாநில விலங்கு அது என்று சொல்லிக்கொள்வதோடு அன்று அமைதி அடைந்தோம்.

திரும்பும் வழியில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். கோயிலைக் கட்டுவித்தவர் இலங்கைப் பெருமகனார் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, சைவராகி, தமிழ் மக்களோடு ஒன்றிவிட்டவர். 1936இல் கட்டிய கோயில். "இவரும் எங்கள் ஊர்தானா!" என்று பேத்தி வியந்தாள். அங்கிருந்து தெளிந்த நாளில் பழனிக் குன்று தெரியும். அன்று மேகம் மறைத்திருந்தது. குறிஞ்சிச் செடிகள் பூவின்றி வெறும் புதராக நின்றன. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். அப்போது அவள் கல்லூரி வயதில் இருப்பாள். கட்டாயம் வருவதாகச் சொன்னாள். என்னையும் இருக்கச் சொன்னாள்.

அவர்கள் புறப்படும் நாளில் என் மனைவி மலைப்பூண்டும் நாரத்தங்காயும் மூட்டை கட்டினாள். "பெரியம்மா, விமான நிலையத்தில் எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள்" என்று தம்பி மகன் தடுத்தான். அயல்நாட்டு விதையோ, காயோ, காலணியில் ஒட்டிய மண்ணோ உள்ளே வராதபடி அந்நாட்டார் கடுமையாகச் சோதிக்கிறார்கள். என் மனைவிக்கு மிகுந்த வருத்தம். பேத்தி ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்ப் பழைய பல்தூரிகை ஒன்றால் தன் காலணியைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். காலுறைகளில் மன்னவனூர்ப் புல்லின் விதைகள் முள்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செய்தித்தாள் துண்டு ஒன்றில் வைத்தாள். எனக்கும் ஒரு காலுறையைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். ஒரு கைப்பிடிகூட வராது.

பொட்டலத்தை மடித்து என்னிடம் கொடுத்து, "இவை எங்கள் ஊருக்கு வரக்கூடாது, தாத்தா" என்றாள். அவர்கள் சென்ற மூன்றாம் நாள், மன்னவனூர்ப் பேருந்தின் நடத்துனரிடம் அப்பொட்டலத்தைக் கொடுத்து, மாணவரின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். "என்ன சார் இது, மருந்தா?" என்று அவர் கேட்டார். புல் விதை என்றேன். மலையில் இல்லாத புல்லா என்று சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.